சந்தனம் பட்ட பிளொப்பி

ராகலை
14.09.2003

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அப்பாவும் நலம், இருமல் மட்டும் விட்டபாடில்லை. இங்கே ஓயாத மழை. காயப்போட்ட துணி எல்லாம் அடுப்பங்கரையில்தான் தொங்குகிறது. உங்கள் அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுதுங்கள்.

ஏப்ரல் விடுமுறைக்கு அம்மாவைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்றுதான் போனீர்கள். யாழ்ப்பாணத்துக்கே தற்காலிக இடமாற்றம் வாங்கிக்கொண்டீர்கள் என்பதை நான் நம் பள்ளிக்கூட அதிபர் வாயால் கேட்டேன். "ஏன் டீச்சர், சேர் ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார். சொன்னார், சொன்னார் என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டு அதற்குப் பிறகு எத்தனையோ கடிதம் போட்டுவிட்டேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் வெங்காயம் நட்டதைப் பற்றி எழுதுகிறீர்கள். கொமியூனிகேஷன் கடையில் நின்று போன் பேசலாம் என்றால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே இந்தத் தடவை நீங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகவே கேட்கிறேன். கம்பியூட்டரைப் பற்றி.

ஒரே பெட்டிக்குள் எனக்கு வின்டோஸ், உங்களுக்கு லினக்ஸ் என்று இரண்டைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். போட்டவுடன் இரண்டு பெயரும் திரையில் வருகின்றன. கீழே இருக்கிற என் வின்டோசுக்கு நான் உடனே இறங்காவிட்டால், அது தன்பாட்டில் உங்கள் லினக்சுக்குப் போய்விடுகிறது. காலையில் அதைப் போட்டுவிட்டு, பால் பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடித் திரும்பினால் கறுப்புத் திரை, நீ யார் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. சும்மா நிறுத்தினால் பழுதாகிவிடும் என்று நீங்கள் சொன்ன பயத்தில், உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு, அதை ஒழுங்காகத் தூங்கவைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நவம்பரில் முன்னோடிப் பரீட்சை. நீங்கள் போனபிறகு விஞ்ஞானமும் என் தலையில்தான். வினாத்தாள் எல்லாம் வின்டோசில் அடித்து, பிரிண்டரில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோவில் பிரதி எடுக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. போட்டால் நேரே வின்டோஸ் வரவேண்டும். அதற்கு வழி எழுதுங்கள். நீங்கள் இல்லாத வீட்டில் உங்களுடையது முதலில் எழும்பி என்ன செய்யப்போகிறது?

தனுஜா


கொக்குவில்
25.09.2003

அன்பின் தனு,

உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான். படியேற மாட்டா. மற்றபடி சுகம். வெங்காயம் பற்றி எழுதவில்லை, கோபிக்காதேயும்.

விசயம் சிறியது. விளங்கிக்கொண்டு செய்தால் சுகமாக முடியும். கணினியைப் போட்டவுடன் அதற்கு வின்டோசும் தெரியாது, லினக்சும் தெரியாது. வன்தட்டின் முதல் துண்டில் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. லிலோ என்று பெயர். அதுதான் யாரை எழுப்ப வேண்டும் என்று கேட்கிறது. நீர் ஒன்றும் சொல்லாமல் விட்டால், முன்பே சொல்லி வைத்த ஆளை எழுப்பும். நான்தான் லினக்சைச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மாற்றினால் போதும்.

லினக்சுக்குள் போய், இத்துடன் இருக்கும் கடதாசியில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற கோப்பைத் திறவும். எதை முதலில் எழுப்புவது என்று ஒரு வரி இருக்கும். அதில் லினக்ஸ் என்றிருப்பதை வின்டோஸ் என்று மாற்றிச் சேமியும். இத்தோடு முடிந்தது என்று எழும்பிவிடாதேயும். கோப்பு மாறியது லிலோவுக்குத் தெரியாது. கடதாசியின் அடியில் உள்ள கட்டளையைக் கொடுத்தால்தான் அது கோப்பை வாசித்து, அந்த முதல் துண்டில் தன்னைத் திரும்ப எழுதிக்கொள்ளும். அது எழுதுகிற நேரத்தில் கரண்ட் போகக்கூடாது. மழை இல்லாத நேரம் பார்த்துச் செய்யும்.

பிழைத்தாலும் பயமில்லை. மேசை லாச்சியில் நீல நிறப் பிளொப்பி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால் எப்படியும் லினக்ஸ் எழும்பும். பிறகு அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கலாம்.

மற்ற விசயம். அம்மா தனிய. அக்கா கனடாவில். இப்ப வெளிக்கிட ஏலாது. டிசம்பரில் பார்ப்போம். நீர் இங்கே வரலாமா என்று முன்பொருமுறை கேட்டீர். வீட்டின் ஒரு பக்கம் இன்னும் கூரை இல்லை. திருத்தி முடியட்டும்.

றமணன்


ராகலை
12.10.2003

அன்புள்ள உங்களுக்கு,

மழை இல்லாத நேரம் பார்க்கச் சொன்னீர்கள். ராகலையில், அக்டோபரில். இங்கே ஐந்து வருடம் இருந்தவர் எழுதுகிற கடிதமா அது?

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களோடு கம்பியூட்டரையும் வைத்துக் கும்பிட்டோம். அப்பாதான் சந்தனம் கரைத்தார். திரைக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒன்று. கம்பியூட்டர் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று உங்கள் நீலப் பிளொப்பியையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்திருந்தேன். "இது மாப்புளயோடது தானே, இதுக்கும் வைம்மா" என்றார் அப்பா. பிளாஸ்டிக்கில் சந்தனம் ஒட்டவில்லை. மேலே பளபளவென்று ஒரு தகடு இருக்கிறதே, அதில் வைத்தேன். நன்றாக ஒட்டியது. குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள் என்று உங்கள் கடதாசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்தேன், வரியை மாற்றினேன், சேமித்தேன். கட்டளையைக் கொடுத்து விரலை எடுக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. வெளியே அப்போது மழைகூட இல்லை.

கரண்ட் வந்தபிறகு போட்டால் திரையின் மூலையில் எல், ஐ என்று இரண்டு எழுத்து மட்டும் வந்து நின்றது. லிலோ தன் பெயரில் பாதியைச் சொல்லிவிட்டு அப்படியே இருந்துவிட்டது. உங்கள் லினக்சும் இல்லை, என் வின்டோசும் இல்லை. சரி, அதற்குத்தான் பிளொப்பி இருக்கிறதே என்று போட்டேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் அந்தத் தகடு நகர மறுக்கிறது, காய்ந்த சந்தனம் உள்ளேயே இறங்கியிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தேன். அதோடு சுத்தமாகப் போய்விட்டது.

அப்பா பாவம், தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பூஜையில் வைத்ததால் ஒரு சாமான் கெட்டுப்போகும் என்று யாருக்குத் தெரியும்? இதை நீங்கள் பெரிதாகச் சிரித்து எழுத வேண்டாம். வினாத்தாள் அத்தனையும் அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. கையால் எழுதி ஸ்டென்சில் வெட்ட எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

தீபாவளிக்காவது வருவீர்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தனுஜா


கொக்குவில்
22.10.2003

அன்பின் தனு,

சிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி இருவரும் சிரித்துவிட்டோம், மன்னியும். (மாமா வருகிற இடங்களை மட்டும் வாசிக்கவில்லை.)

வினாத்தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வின்டோஸ் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அதை எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். வின்டோசின் தொடக்கப் பிளொப்பி ஒன்றைப் போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் முதல் துண்டில் பாதியில் நிற்கும் லிலோ அழிந்துவிடும். பிறகு போட்டவுடன் நேரே வின்டோஸ் வரும். எதுவும் கேட்காது. என் லினக்ஸ் உள்ளே இருக்கும், ஆனால் அதைக் கூப்பிட வழி இருக்காது. என் பௌதிகப் பாடங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். வன்தட்டைத் துப்புரவாக்குகிறேன் என்று அதை மட்டும் அழித்துவிடாதேயும். நான் வந்து லிலோவைத் திரும்பப் போடுவேன்.

கடிதத்தில் சொல்லிக்கொண்டிருந்தால் பரீட்சை வந்துவிடும். என் சின்னம்மாவின் மகன் லக்ஸ்மன் அரசாங்க உத்தியோகத்தில் நுவரெலியாவுக்கு மாறி வந்திருக்கிறான். கெட்டிக்காரன். அவனுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை பிளொப்பியோடு வருவான்.

ஒரு சின்ன விசயம். பெட்டியைக் கழற்ற வேண்டி வந்தால் தூசி பறக்கும். மாமாவுக்கு இருமல் வேறு. அன்றைக்கு அவர் இறம்பொடையில் உமது அண்ணன் வீட்டில் நின்றால் நல்லது. மறக்காமல் அனுப்பிவிடும்.

இது கிடைக்கமுன் தீபாவளி முடிந்துவிடும், வர வசதிப்படவில்லை. மாமாவிடம் சொல்லும்.

றமணன்


ராகலை
03.11.2003

றமணன் சேருக்கு,

கம்பியூட்டர் வேலை செய்கிறது. போட்டவுடன் வின்டோஸ் வருகிறது. வினாத்தாள் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தம்பி கெட்டிக்காரர்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே அனுப்பினீர்கள்.

அப்பாவை இறம்பொடைக்குப் போகச் சொன்னேன். உங்கள் கரிசனத்தை நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் போக மாட்டேன் என்றுவிட்டார். "மாப்புள வீட்டு ஆளு மொத மொதலா வர்றாங்க. நான் இல்லாட்டி மரியாதையா இருக்குமாம்மா?" என்றார். வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டார். கதவைத் திறந்து லக்ஸ்மனின் நனைந்த குடையை வாங்கி விரித்து வைத்ததும் அவர்தான். வீட்டில் வேலைக்கு நிற்கிறவர் என்று உங்கள் தம்பி நினைத்துக்கொண்டார் போல.

பிளொப்பியைப் போட்டுவிட்டு அது ஓடுகிற நேரம் பேச்சுக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் பேசினார். "பெரியம்மா உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பா. தகப்பன் இல்லாத பிள்ளை, பாவம் எண்டு சொல்லுவா. உங்கட அப்பா கண்டியிலை பெரிய கடை வைச்சிருந்தவராம் எல்லே? என்ன, ஹார்ட் அட்டாக்கோ?"

அப்பா அப்போது தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நிற்கிறார். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "சீனி போதுமான்னு பாருங்க தம்பி" என்றார்.

"போதும் ஐயா. ஐயா ஆர்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நானா? நான் இந்த வீட்டுல இருக்கிறவன் தம்பி." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

விளங்குகிறதா சேர்? ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உங்கள் பொய்யை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. "அவர்தான் எங்க அப்பா. இராமையா. தேயிலத் தோட்டத்துப் பெக்டரியில கொழுந்து அரைக்கிற மெஷின்ல வேல செஞ்சவரு. கண்டிக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, அவ்வளவுதான்" என்றேன். லக்ஸ்மனின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. பிறகு கட்டளையைக் கொடுத்து வேலையை முடித்தார். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். போகும்போது அடுப்படி வாசல் வரை போய், "குறை நினையாதேங்கோ ஐயா" என்றார்.

அப்பா என்னிடம், "விடும்மா. பெரிய எடத்துப் பிள்ள. அவருக்கு என்ன கஷ்டமோ" என்கிறார். நான் விடவில்லை. நாலு வருடம் ஒரே கூரைக்குக் கீழே அவரோடு இருந்தீர்கள். அவர் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் முதுகில் கையைப் போட்டு டவுனுக்குக் கூட்டிப்போவார். அவரைச் சாகடித்துவிட்டுத்தான் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டீர்களா? எனக்கு அழக்கூடக் களைப்பாக இருக்கிறது.

தனுஜா


கொக்குவில்
14.11.2003

தனு,

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

லக்ஸ்மனும் எழுதியிருந்தான். என்னைத் திட்டவில்லை. "அண்ணை, அந்த மனிசன்ரை முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போச்சு" என்று ஒரு வரிதான்.

நடந்ததைச் சொல்கிறேன். கலியாணத்தின்போது சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது உமக்குத் தெரியும். அம்மாவுக்குத் தகவல் சொல்லச் செஞ்சிலுவைக் கடிதமும், யாரும் வந்தால் போனால் கொடுத்தனுப்புகிற சொல்லும்தான். ஒருமுறை எப்படியோ தொலைபேசி கிடைத்தது. "எந்த இடத்துப் பெட்டை? ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டா. தோட்டம் என்று வாயில் வரவில்லை தனு. கண்டி என்றேன். தகப்பன் என்ன செய்கிறார் என்றா. கடை என்றேன். பிறகு கடிதத்தில் கேட்டா, சம்பந்தி ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை, எழுதுவதுதானே முறை என்று. செத்துப்போனார் என்றால் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தேன். நின்றது. கலியாணப் படத்தில் மாமா இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன்.

பாதை திறக்கும் என்று யார் கண்டது? திறந்தபோது எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், நான் மட்டும் ஊருக்கு வரும் நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன். ராகலைக்குத் திரும்ப வெளிக்கிடுகிற போதெல்லாம், "நானும் வாறன், மருமகளை ஒருக்காப் பார்க்கவேணும்" என்று அம்மா பையைத் தூக்குகிறா. அதனால் இங்கேயே நின்றுவிட்டேன். உம்மை இங்கே கூப்பிடாததும் அதனால்தான். நீர் வந்தால் ஒரு நாளிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம். இப்போது இதைச் சொன்னால் தாங்கமாட்டா என்று பயமாக இருக்கிறது. கொஞ்சக் காலம் இப்படியே போகட்டும். மாமாவிடம் நான் தனியே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன்.

லினக்ஸ் பக்கத்தை மட்டும் அழித்துவிடாதேயும்.

றமணன்


ராகலை
24.11.2003

சேருக்கு,

அப்பாவுக்கு எழுத வேண்டாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டீர்கள். உங்கள் மன்னிப்பை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு முடியாது.

பரீட்சை முடிந்தது. ரோனியோ மை என் இரண்டு சேலையில் இருக்கிறது. விஞ்ஞானத்தில் மின்சுற்றுக் கேள்விக்கு ஒரு பிள்ளைகூடச் சரியாக விடை எழுதவில்லை. அது நான் சொல்லிக்கொடுத்த பாடம், அவர்கள் பிழை இல்லை.

வருகிற வருடத்து நேரசூசி போடுகிறார்கள். விஞ்ஞானத்துக்கு யார் பெயரைப் போடட்டும் என்று அதிபர் கேட்கிறார். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அவருக்கு மட்டும் அல்ல.

உங்கள் அம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. பொய் என்னுடையது இல்லை. நீங்களே சொல்லுங்கள், தோட்டம் என்ற சொல்லோடு, இராமையா என்ற பெயரோடு. சொன்னபிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம். இந்த வீட்டுக்கு வரவும் வேண்டாம். அவர் உயிரோடு இல்லாத இடத்தில் நான் உங்கள் மனைவியாக இருக்க மாட்டேன்.

உங்கள் லினக்சை நான் தொடவில்லை. பயப்பட வேண்டாம்.

தனுஜா


கொக்குவில்
17.12.2003

அன்பின் தனு,

சொல்லிவிட்டேன்.

உமது கடிதம் வந்து எத்தனையோ நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் போன வெள்ளிக்கிழமை, அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே போய் இருந்தேன். "அம்மா, தனுவின்ரை அப்பா உயிரோடை இருக்கிறார்" என்றேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் காணாமற்போனவர்கள் திரும்பி வருவதுண்டுதானே, அப்படி ஏதோ என்று நினைத்து, "எடேய், எங்கையிருந்து வந்தவராம்?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டா. அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. கடை இல்லை, கண்டி இல்லை, தோட்டம், லயத்து வீடு, பெக்டரி, இராமையா என்று எல்லாம் சொன்னேன்.

கையிலிருந்த இலையைச் சுளகில் போட்டா. "தோட்டத்துப் பிள்ளை எண்டு அப்பவே சொல்லியிருந்தியெண்டால் நான் கத்தியிருப்பன். கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பன். பிறகு எழும்பியிருப்பன். அது வேறை" என்றா. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"சம்பந்தி செத்த திதி என்னெண்டு நான் கேட்டனான். நீ ஆடி மாசத்திலை ஒரு நாள் சொன்னனீ. வருசா வருசம் அந்த நாளிலை நான் விரதம் இருந்து, கோயிலிலை அந்த மனிசனுக்கு மோட்ச விளக்கு ஏத்துவிச்சனான் ராசா. ஷெல் விழேக்கையும் போனனான். உயிரோடை இருந்து தேத்தண்ணி குடிக்கிற மனிசனுக்கு என்னைக்கொண்டு மோட்ச விளக்கு ஏத்துவிச்சிட்டியே. இந்தப் பாவத்தை நான் எங்கை கொண்டுபோய் இறக்கிறது?"

தனு, எனக்கு அது தெரியாது. அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. நான் வாய்க்கு வந்த ஒரு நாளைச் சொன்னேன். அம்மா அதை நம்பி, கண்ணால் காணாத ஒருவருக்காகப் பட்டினி கிடந்திருக்கிறா. இரத்த அழுத்தம் கூடவில்லை. என்னோடு கதைப்பதைத்தான் நிறுத்திவிட்டா. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அங்கால் போய்விடுகிறா.

ஐயரிடம் போய்ச் சொன்னாவாம். அவர் ஆயுள் வேண்டி ஒரு அருச்சனை செய்துவிட்டார். அது போதவில்லை. நேற்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா: "அந்த மனிசனை ஒருக்காக் கண்ணாலை காணவேணும். நேரை நிண்டு சொல்லவேணும். அதுவரைக்கும் எனக்கு நித்திரை இல்லை." வீட்டு வாசல்படி இறங்க என் கையைப் பிடிக்கிறவ, ராகலைக்கு வரப் பையைக் கட்டி வைத்திருக்கிறா.

பழைய பாடசாலைக்கே திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். தை பிறந்தால் வரலாம் என்கிறார்கள். அதிபரிடம் விஞ்ஞானத்துக்கு என் பெயரைச் சொல்லலாம், நீர் சம்மதித்தால் மட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வரலாமா? இல்லை என்றாலும் எழுதும். லிலோவைத் திரும்பப் போடுவதற்கு இறுவட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

றமணன்


ராகலை
28.12.2003

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடியாது என்று எழுதியிருந்தேன்தான், ஆனால் இது உங்கள் அம்மாவின் கடிதம் போல இருந்தது. மோட்ச விளக்கு என்ற இடத்தில் அப்பா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளி வைத்தார். பிறகு, "எனக்காக அந்தம்மா பட்டினி கெடந்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் எனக்காக அப்புடி இருந்ததில்லம்மா" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போற வழிக்கு இப்பவே வெளக்கு ஏத்தி வச்சிருக்காங்க. நல்லதுதானே. இருட்டுல தடவ வேணாம்" என்றார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் உங்களை மன்னித்துவிட்டார். அன்றைக்கு அடுப்படிக்குப் போன நேரமே மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் இன்னும் இல்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம், சமையல், இருமல் மருந்து, மழை, இதற்கு நடுவில் உங்களைக் கோபிப்பதும் ஒரு வேலையாகச் சேர்ந்திருக்கிறது. அது தன் நேரத்துக்குத்தான் முடியும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஒரே மூச்சில் வரவேண்டாம், இடையில் எங்காவது தங்கி வாருங்கள். குளிர் உடுப்பு இல்லாவிட்டால் என்னுடைய ஸ்வெட்டர் இருக்கிறது. நம் ஆசிரியர் குவார்ட்டர்சுக்கு ஏறுகிற படியில் பாசி பிடித்திருந்தது. அண்ணன் வந்து சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார். விஞ்ஞானத்துக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அது பிள்ளைகளுக்காக.

கம்பியூட்டர் விஷயம். லிலோவை வன்தட்டில் போட நான் விடமாட்டேன். போட்டவுடன் நேரே என் வேலை திறக்கிறது, எனக்கு அது பழகிவிட்டது. உங்களுக்கு உங்கள் லினக்ஸ் வேண்டுமென்றால் அதை எழுப்புகிற நிரலை ஒரு பிளொப்பியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளொப்பியிலும் போடலாம் என்று நீங்கள் விட்டுப்போன புத்தகத்தில் வாசித்தேன். உட்காரும்போது போடுங்கள், எழும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சக் காலத்துக்கு அப்படித்தான்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். தோட்டத்துத் துரை வந்தாலும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தாலும், கிளாக்கர் வந்தாலும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றே பழகியவர் அவர். உங்கள் அம்மா வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அம்மாவும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை எழும்பவே கூடாது என்றேன். "அது எப்புடிம்மா? மாப்புளயும் இருப்பாரே" என்று கேட்டார்.

இந்த வீட்டில் இருப்பது இரண்டு நாற்காலிதான். நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

தனுஜா